"பழிவாங்கவே அழுகிறாள்" என்றார் அந்தத் தந்தை

பச்சிளங்குழந்தை உள்ள வீடுகளுக்குச் சென்று தாயையும் சேயையும் பார்த்துவரும் செவிலி நான். பிள்ளையை வதைக்கும் பெற்றோர் கல்நெஞ்சர்கள் என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அச்சம் தந்த வீடுகளில் கல்நெஞ்சைக் கண்டது அரிது. தூக்கமின்மையும் தனிமையும்தான் நிறைந்திருந்தன.

ஒரு வீட்டில் இளம் தந்தை, இரண்டு மாதக் குழந்தையைக் காட்டி, "என்னைப் பழிவாங்கவே அழுகிறாள்" என்றார். அவருக்கு வேலை போயிருந்தது. மனைவி பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் இருந்தார். குழந்தை குறைமாதத்தில் பிறந்தவள், பாலூட்டுவதே பெரும்பாடு. உதவிக்கு யாரும் இல்லை. இவற்றில் ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலான குடும்பங்கள் சமாளித்துவிடும். எல்லாம் ஒன்றாகச் சேரும்போதுதான் ஆபத்து.

குழந்தைக்குப் பழிவாங்கும் எண்ணம் உண்டு என அவர் நம்பியதுதான் என்னை மிகவும் கலங்கவைத்தது. அந்த வயதில் அப்படி நினைக்கவே தெரியாது. அழுகை வாரத்துக்கு வாரம் கூடி, 6 முதல் 8 வாரங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லக் குறையும். ஆத்திரத்தில் குழந்தையைக் குலுக்கி மூளையில் இரத்தம் கசியும் கொடுமையும் முதல் சில மாதங்களில்தான் அதிகம் நடக்கிறது.

"தாங்க முடியாவிட்டால் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, சில நிமிடம் விலகி நில்லுங்கள். குலுக்கினால் உயிரே போகலாம்" என்றேன். "அழவிட்டுப் போவது தவறில்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தவறில்லை என்று அவரிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. மனைவி மருத்துவரைப் பார்க்க அன்றே ஏற்பாடு செய்தோம்.

சிறுவயதில் அடிபட்டு வளர்ந்த தாய்மார், "நானும் அப்படி ஆகிவிடுவேனோ" என்று அஞ்சுகிறார்கள். அபாயம் சற்றுக் கூடுதல்தான். ஆனால் அப்படி வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் தம் பிள்ளைகளை வதைப்பதில்லை. இதை அவர்களிடம் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் எல்மைரா நகரில் ஆய்வாளர் டேவிட் ஓல்ட்ஸ் 1977இல் தொடங்கிய ஆய்வில், கர்ப்பகாலம் முதல் குழந்தைக்கு 2 வயது ஆகும்வரை செவிலியர் வீடு தேடிச் சென்றார்கள். 15 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, அக்குடும்பங்களில் வதையும் புறக்கணிப்பும் குறைந்திருந்தன. ஆனால் தாய் அடிக்கடி வன்முறைக்கு ஆளான வீடுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

அதனால் கணவர் அடிக்கிறாரா என்று கட்டாயம் கேட்கிறேன். அவர் அருகில் இருக்கும்போது கேட்பதில்லை. நான் கிளம்பிய பிறகு அதற்காகவே அடி விழலாம். குழந்தையை எடைபோடும் சாக்கில் தாயை உள்ளே அழைத்துப் பேசுவேன். என்னைப் போல வீடு தேடிச் செல்லும் செவிலியர்களே, ஒரே அறை உள்ள வீடுகளில் நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்?