சொல் வேண்டும்: ட்ரம் கோர் போட்டியில் ‘ஜெனரல் எஃபெக்ட்’

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க ட்ரம் கோர் (மைதானத்தில் அணிவகுத்துக் கோலமிட்டபடியே ஊதுகருவியும் மேளமும் வாசிக்கும் குழு) போட்டிகளைப் பற்றிய விளக்கப்படம் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை.

மொத்தம் 100 மதிப்பெண். இசைக்கு 30, காட்சிக்கு 30, மீதி 40 ‘ஜெனரல் எஃபெக்ட்’டுக்கு, அதாவது நிகழ்ச்சி மொத்தமாகப் பார்ப்பவரிடம் உண்டாக்கும் விளைவுக்கு. பித்தளை, தாளம், இசைப் பகுப்பாய்வு மூன்றுக்கும் தலா 20 போட்டு, கூட்டிப் பாதியாக்கினால் இசையின் 30. காட்சிக்கும் இதே கணக்குதான்; கொடி சுழற்றும் குழு அதில் அடங்கும். தனிப்பிரிவாக மிகப் பெரியது அந்த 40தான். படக்குழு தந்த பழைய வரைவில் ‘காட்சித் தாக்கம்’ என்று இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. கேட்பதும் அதில் உண்டு அல்லவா?

வரிக்கு 35 எழுத்துக்கு மேல் போகக் கூடாது.

— மீ.

*

அன்புள்ள மீ. அவர்களுக்கு,

சொல் ஏற்கெனவே இருக்கிறது: மெய்ப்பாடு, உள்ளத்து உணர்வு மெய்யில் வெளிப்படுவது. ‘நகையே அழுகை இளிவரல் மருட்கை’ என்று தொடங்கி எட்டையும் தொல்காப்பியர் எண்ணிவிட்டார். உரையாசிரியர்கள் ஒவ்வொன்றையும் சுவைப்பொருள், சுவை, குறிப்பு, விறல் என்று நான்காக விரித்து முப்பத்திரண்டாக்குவார்கள். நீங்கள் சொல்லும் அந்த 40க்கான மதிப்பெண் தாளில் என்ன நிகழ்த்தினார்கள் என்பதற்குப் பாதி, எப்படி நிகழ்த்தினார்கள் என்பதற்குப் பாதி என்று படித்தேன். முதலாவது சுவைப்பொருள், அதாவது உணர்வைக் கிளப்பும் பொருள்; இரண்டாவது விறல், அதாவது அந்த உணர்வு உடம்பில் வெளிப்படுவது. பொருந்துகிறதா இல்லையா?

வெறும் பிரமாண்டத்துக்குத் தனிச்சொல் வேண்டுமென்றால் மருட்கை, அதாவது வியப்பு. அது பிறக்கும் இடங்களாக அவர் சொல்வது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். நூற்றைம்பது பேர் ஒரு வட்டமாகி, வட்டம் சட்டென்று கோடாகும்போது கூட்டம் எழுந்து நிற்கிறதே, அது ஆக்கத்தால் வந்த மருட்கை.

— செ.நா.

*

ஐயா, நீங்கள் சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் ‘காட்சித் தாக்கம்’ என்பதுதான் நேர்மையான சொல் என்பேன். தாளம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மைதானத்தின் நீளம் 91 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகும். இந்த ஓரத்தில் ஊதியது அந்த ஓரத்துக்குப் போய்ச்சேரக் கால் நொடிக்கு மேல் ஆகிறது. நிமிடத்துக்கு 180 தட்டு ஓடும் இடத்தில் ஒரு தட்டின் நீளமே மூன்றில் ஒரு நொடிதான். ஆக, காதை நம்பி வாசித்தால் முக்கால் தட்டு பிசகும். அதனால்தான் அங்கே பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது, பக்கத்திலிருந்து வருவதைக் கேட்காதே, பின்னாலிருந்து வரும் மேளத்தை மட்டும் கேள் என்று. மேளக்காரர்கள் காதை விட்டுவிட்டு முன்னால் நின்று கையசைத்து நடத்தும் டிரம் மேஜரின் கையைப் பார்ப்பார்கள். மைதானத்தின் முன்விளிம்பில் நின்று மரிம்பா, வைப்ரஃபோன் போன்ற கட்டைத் தாளக்கருவிகளை வாசிப்பவர்கள் கண்ணை விட்டுவிட்டுப் பின்னால் கேட்பார்கள்.

பின்னோக்கி ஓடிக்கொண்டே ட்ரம்பெட் ஊதுவதை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு காலடியும் உதட்டில் அதிரும், சுருதி ஆடும். அதற்காகக் குதிகால் தரையில் படாமல் முன்பாதத்திலேயே நகரப் பழகுகிறார்கள். இத்தனை பாடும் எதற்கு? கோலம் விரிய வேண்டும் என்பதற்காகத்தான். கூட்டமாக நின்று ஊதினால் இசை இதைவிட நன்றாக இருக்கும்.

இன்னொன்று. 1983 வரை நடுவர்கள் மைதானத்துக்குள்ளேயே நடந்து, பிழைக்குப் பத்தில் ஒன்று கழித்தார்கள். அந்த முறையை 1984இல் கைவிட்டார்கள். 2004இல் ஒலிபெருக்கி வந்தது, 2009இல் சிந்தசைசர் வந்தது. இப்போது சிந்தசைசரின் அடிநாதம் டியூபா வரிசையையே மூடிவிடுகிறது. தரம் குறைந்து காட்சி ஏறிய கதை இது. சொல்லும் அதைச் சொல்லட்டுமே.

— ர.

*

ர. தம்பி, கழித்தல் முறையில் பிழை குறைந்தால் மதிப்பெண் கூடும். பிழை குறைய எளிதான வழி, கடினமானதைத் தொடாமல் இருப்பது. அது தரம் ஆகுமா?

1993 இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கேடட்ஸ் குழு 97.4, ஸ்டார் ஆஃப் இண்டியானா குழு 97.3. ஸ்டார் எடுத்துக்கொண்டது பார்பர், பார்ட்டோக் என்ற இரு இசையமைப்பாளர்களின் இசை. உடலை வளைத்து, கருவியைத் தாழ்த்தி, அதுவரை யாரும் பார்க்காத அசைவுகளைச் செய்தார்கள். அந்தப் பருவத்தில் பல ஊர்களில் கூட்டம் முகம்சுளித்தது, சிலர் கூச்சலும் போட்டார்கள். ஆனால் ‘காட்சி இசையை விழுங்கிவிட்டது’ என்பதல்ல முதல் புகார். இசையே கடுமையாக இருக்கிறது, கைதட்ட இடமே இல்லை என்பதுதான். அந்தக் குழு அதோடு போட்டியை விட்டு மேடைக்குப் போனது. அதன் வழிவந்த ‘பிளாஸ்ட்!’ நிகழ்ச்சி 2001இல் அமெரிக்க நாடக மேடைக்கான டோனி விருது பெற்றது.

பார்ப்பவருக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் அந்த 40 அளக்கப் பார்க்கிறது. முன்பு இசைக்கு ஒரு தாள், காட்சிக்கு ஒரு தாள் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பிறகு நடுவர்கள் இரண்டையும் சேர்த்தே மதிப்பிடும்படி மாற்றினார்கள். பிரிக்க வேண்டாம் என்று அவர்களே முடிவெடுத்ததை நாம் தமிழில் பிரிப்பானேன்? ‘முழுத்தாக்கம்’ போடுங்கள், மீ.

— க.

*

‘தாக்கம்’ எனக்கு ஒவ்வாது. தாக்குதல் என்றால் மோதுதல். கலை வந்து மோத வேண்டுமா? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள்: ‘பண்ணைத் தோன்றிய எண்ணான்கு பொருளும்’. பண்ணை என்றால் விளையாட்டு. அதே நூலின் உரியியலும் ‘கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு’ என்கிறது. ஆடுகளத்தில் தோன்றுவதே மெய்ப்பாடு என்று தொடக்கத்திலேயே இருக்கிறது. அந்த மைதானத்தையும் பண்ணை என்றே எழுதலாம்.

ர. சொன்ன ‘யார் யாரைக் கேட்பது’ என்பதும் நம்மிடம் உண்டு. ‘குழல்வழி நின்றது யாழே யாழ்வழித் / தண்ணுமை நின்றது தகவே தண்ணுமைப் / பின்வழி நின்றது முழவே’ என்கிறது சிலம்பு. அங்கே முழவு தண்ணுமைக்குப் பின் நின்றது. இவர்களிடம் முழவின் வழி மற்றவை நிற்கின்றன. இதற்கு ‘முழவுவழி’ என்று ஒரு சொல் தரலாம்.

— செ.நா.

*

ஐயா, இன்றைய பிள்ளைகளுக்குப் பண்ணை என்றால் கோழிப்பண்ணை. மைதானம் மைதானமாகவே இருக்கட்டும்.

மெய்ப்பாட்டில் எனக்கு வேறொரு தடையும் இருக்கிறது. அது மெய்யில் தோன்றுவது, ஆடுபவர் உடம்பில் தெரிவது. நடுவர் உட்கார்ந்திருப்பதோ உயரத்தில், மேலடுக்கில். அங்கே முகம் தெரியாது; கோலமும் ஒலியும்தான் போய்ச் சேரும்.

‘முழுத்தாக்கம்’ எனக்குச் சரி. ர. சொல்வது பாதி உண்மை, ஆனால் அது விமர்சனம். பிரிவின் பெயரிலேயே விமர்சனத்தை ஏற்றக் கூடாது.

— ப.

*

நன்றி, எல்லோருக்கும். ‘முழுத்தாக்கம்’ என்று அனுப்புகிறேன். வரியில் அடங்குகிறது, படித்ததும் புரிகிறது. ‘முழுவழி’ என்று யாரும் தப்பாகப் படித்துவிடுவார்களோ என்ற பயத்தில் ‘முழவுவழி’யை விட்டுவிட்டு, ‘மேளத்தைக் கேட்டுப் பின்தொடர்’ என்று விரித்தே எழுதிவிட்டேன். ஐயா, கலைச்சொல் பட்டியலில் மெய்ப்பாட்டை இரண்டாவதாகச் சேர்க்கிறேன்.

அப்புறம், ‘ட்ரம் கோர்’ என்பதை அப்படியே விட்டிருக்கிறேன். முரசுப்படை என்றால் ஊதுகருவிகள் விடுபட்டுப் போகின்றன.

— மீ.

*

இரண்டாவதாக என்றால் வேண்டாம். சுவைப்பொருளும் விறலும் அந்தத் தாளில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. அதற்கு இன்னும் யாரும் மறுமொழி சொல்லவில்லை. ப. சொன்ன தடைக்கு நாளை விரிவாக எழுதுகிறேன்.

— செ.நா.

*

என் மறுப்பையும் பதிவு செய்துகொள்ளுங்கள். 40ஐ 30 ஆக்கி, அந்தப் பத்தை இசைக்குத் தரட்டும். அப்புறம் ‘முழு’ என்று சொல்ல நானும் தயார்.

— ர.