லெட்ரிக் பில் 200 வெள்ளியிலிருந்து 270: நியாயமா, எங்காவது ஒழுகுதா?

சிப்புட்_தாமான்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தை விட்டு வந்து தாமான் (குடியிருப்பு) வீட்டில் இருக்கிறோம். ஆறு பேர். மாதாமாதம் 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) பக்கத்தில் வரும் பில், இந்த மாதம் 270 வெள்ளியைத் தாண்டிவிட்டது. ஒரு ஏர்கோன், ராத்திரி மட்டும். அம்மாவுக்காகக் குளியலறையில் ஹீட்டர். மற்றதெல்லாம் பழையபடிதான். பக்கத்து வீட்டில் 140 வெள்ளிதானாம். மீட்டரில் கோளாறு இருக்குமா?

ஈப்போ வயர்மேன்:
பக்கத்து வீட்டு பில்லை விட்டுவிடு தம்பி. அங்கே எத்தனை பேர், என்னென்ன பெட்டி ஓடுது என்று நமக்குத் தெரியாது. உன் பில்லையே போன மாதத்தோடு வைத்துப் பார். வெள்ளி வேண்டாம். யூனிட் எத்தனை, எத்தனை நாளுக்கு, மீட்டரைப் பார்த்து எழுதியதா, ‘அங்காரான்’ (உத்தேசக் கணக்கு) என்று போட்டிருக்கா? போன மாதம் உத்தேசமாகக் குறைத்துப் போட்டிருந்தால், மிச்சம் இந்த மாதத் தலையில் விழும்.

சிப்புட்_தாமான்:
இரண்டுமே பார்த்து எழுதியதுதான் அண்ணே. போன மாதம் 30 நாள், 560 யூனிட். இப்போது 31 நாள், 655. மீட்டரில் தெரியும் எண்ணும் பில்லோடு ஒத்துப்போகிறது.

பழைய கிராணி:
அப்படியென்றால் நாளுக்கு 18.7 யூனிட் இருந்தது 21.1 ஆகியிருக்கிறது. கூடினது 2.4 யூனிட்தான். ஆனால் யூனிட் ஆறில் ஒரு பங்கு ஏறினால் காசு மூன்றில் ஒரு பங்கு ஏறுவானேன் என்று கேட்பீர்கள். அங்கேதான் 600 என்ற கோடு நிற்கிறது.

2025 ஜூலை முதல் தீபகற்பத்தில் வந்த புதுக் கட்டணத்தில், மாதம் 1500 யூனிட் வரை உள்ள வீட்டுக்கு ஒரு யூனிட் 27.03 சென், அதோடு 4.55, 12.85 என்று இரண்டு கட்டணம் சேர்ந்து 44.43 சென். குறைவாகப் பிடிப்பவருக்கு இதில் கழிவு உண்டு. 551 முதல் 600 வரை யூனிட்டுக்கு 9 சென் கழிவு. 651 முதல் 700 வரை 5.5 சென்தான். 1000-ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை. இந்தக் கழிவு மொத்த யூனிட்டுக்கும் சேர்த்துப் போடப்படுகிறது, கூடுதலாகப் பிடித்ததற்கு மட்டும் அல்ல.

போன மாதம்: 560 × 35.43 சென், 198 வெள்ளி சொச்சம். இந்த மாதம்: 655 × 38.93 சென், 255 வெள்ளி. அதற்கு மேல் 600-ஐத் தாண்டியதால் 10 வெள்ளி சில்லறை விற்பனைக் கட்டணம் (ரீடெய்ல்), சேவை வரி, மாதாமாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டல். 600-க்குள் இருந்தால் இந்த மூன்றும் கிடையாது. புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கான 1.6 சதவீத நிதி போன மாதமும் இருந்திருக்கும். ஆக பில்லில் கணக்குப் பிசகு இல்லை. அந்த 2.4 யூனிட்டைத் தேடுங்கள்.

ராத்திரி_ஷிப்ட்:
நேரம் பார்த்துக் கட்டும் திட்டத்துக்கு மாறிடுங்க பாஸ். ராத்திரி மலிவு.

பழைய கிராணி:
மலிவு நேரத்தில் யூனிட்டுக்கு 27.03 சென் இருந்தது 24.43 ஆகும், அவ்வளவுதான். திங்கள் முதல் வெள்ளி வரை மத்தியானம் 2 மணியிலிருந்து ராத்திரி 10 வரை 28.52. சமையல், டிவி, குளியல் எல்லாம் அந்த நேரத்தில்தானே. ஆறு பேர் வீட்டுக்குப் பெரிய லாபம் இல்லை.

ஈப்போ வயர்மேன்:
முதலில் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு மீட்டரில் சிவப்பு விளக்கைப் பார். அப்போதும் மின்னினால் உள்ளே யாரும் கை வைக்கக்கூடாது, உடனே புகார் செய். மின்னவில்லை என்றால் ஒவ்வொரு சுவிட்சாகத் திற. மீட்டர் முகப்பில் ‘1000 இம்ப்’ என்று இருந்தால் ஆயிரம் தடவை மின்னினால் ஒரு யூனிட். ஃபிரிட்ஜ் மாதிரிப் பெட்டிகளை ஒரு மணி நேரமாவது விட்டு எண்ணு, கம்ப்ரெசர் நின்று நின்று ஓடும்.

இன்னொன்று. ‘மீட்டரை மெதுவாக்கித் தரேன்’ என்று கடைத்தெருவில் ஒருத்தன் வருவான். விரட்டிவிடு. சீலில் கை வைப்பது குற்றம், பழைய பாக்கியும் உன் தலையில்தான் கட்டுவார்கள்.

சிப்புட்_தாமான்:
மெயினை அடைத்தால் விளக்கு அசையவில்லை, நிம்மதி. ஹீட்டரை அம்மா கொஞ்ச நேரம்தான் போடுகிறார். போன மாதம் ஒரு பழைய ஃபிரீசர் வாங்கினோம், வீட்டுக்காரி ஐஸ்கிரீம் மலேசியா (பிளாஸ்டிக் குழாயில் உறைய வைக்கும் ஐஸ்) போட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிறாள். சின்னப் பெட்டி என்று எழுதவில்லை. அதை மட்டும் விட்டு மகனை எண்ண வைத்தேன். ஒரு மணிக்கு 120 தடவை மின்னியது.

பழைய கிராணி:
நாளுக்கு 2.9 யூனிட், 31 நாளுக்கு 89. அது இல்லாவிட்டால் 566-இல் நின்றிருக்கும்.

கம்போங் அக்கா:
தம்பி, பெட்டி எங்கே நிற்குது? பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழேயா? நானும் இதே வியாபாரம்தான். ஒரு பேப்பரை விளிம்பில் வைத்து மூடிப் பாருங்கள். சும்மா இழுத்தால் வந்துவிட்டால் ரப்பர் போயிடுச்சு. உள்ளே ஐஸ் விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தால் முதலில் கரைத்து ஊற்றுங்கள்.

அப்புறம் லாபக் கணக்கில் அந்தப் பெட்டிக்கு 89 யூனிட்டுக்கான 40 வெள்ளி என்று மட்டும் எழுதாதீர்கள். அதனால்தானே 600-ஐத் தாண்டினீர்கள், மாதம் 70 வெள்ளி என்று எழுதுங்கள். அதற்கு மேல் மிஞ்சினால் வியாபாரம்.

சிப்புட்_தாமான்:
தகரத்துக்குக் கீழேதான் அக்கா, மத்தியானம் கை வைக்க முடியாத சூடு. பேப்பர் மூன்று பக்கம் பிடிக்குது, கீல் பக்கம் வழுக்கிக்கொண்டு வருது. இன்றே குசினிக்குள் மாற்றிவிடுகிறேன். மாற்றிய பிறகு மறுபடி எண்ணிப் போடுகிறேன். அண்ணே, ரப்பர் தனியாகக் கிடைக்குமா?

ஈப்போ வயர்மேன்:
கிடைக்கும். பெட்டி முதுகில் மாடல் நம்பர் ஒட்டியிருக்கும், மூடியின் நீள அகலத்தோடு போட்டோ அனுப்பு. சுவரை ஒட்டி வைக்காதே, பின்னால் ஒரு சாண் விடு.