சில்வர் பீச்: ஆளோடு திரும்பும்போது ரெஸ்க்யூ போர்டு மூக்கு குத்துது, வழி சொல்லுங்க

கடலூர் தேவனாம்பட்டினத்தில் உயிர்காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம். ரெஸ்க்யூ போர்டில் (கையால் துழாவிப் போகும் நீண்ட மீட்புப் பலகை) ஆளை ஏற்றிக்கிட்டுத் திரும்பும்போது, கரைக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் போர்டின் மூக்கு, அதாவது முன்முனை, தண்ணிக்குள்ள குத்தி ரெண்டு பேரும் கவிழ்றாங்க.

போர்டு 10 அடி 6 அங்குலம், ஃபைபர். முன்னால் குப்புறப் படுக்கிறவர் 70 கிலோ, அவர் கால்களுக்கு நடுவில் காப்பாளர். ஆடியில் இந்தத் தொல்லை இல்லை. ஐப்பசியில் வாடைக்காற்று பிடிச்சதிலிருந்துதான். கடல் அறுத்துக் கரை செங்குத்தா நிக்குது, இடுப்பளவு அலைகூட ஒரேயடியா மடிஞ்சு மணலில் விழுது.

எடையை ஒரு அடி பின்னால் தள்ளிப் பார்த்தோம்: மூக்கு எழும்புது, ஆனா வேகம் செத்து போர்டு அலைக்குக் குறுக்கே திரும்பிடுது. காலைத் தண்ணியில் இழுத்து வேகம் குறைச்சா சின்ன அலைக்கு மட்டும் சரி. பெரிய அலைகள் போனபிறகு கடைசி அலையின் முதுகில் வர்றதுதான் கைகொடுக்குது. ஆனா மூச்சில்லாதவரை வச்சுக்கிட்டு அதுக்குக் காத்திருக்க முடியாதே! கழுத்து அடிபடும் ஆபத்து இருப்பதால், இப்போ பயிற்சியில் மீட்கப்படுகிறவராக ஹெல்மெட் போட்ட காப்பாளரைத்தான் படுக்க வைக்கிறோம்.

இப்படிப்பட்ட கரையில் மயங்கினவரைப் போர்டிலேயே கொண்டுவரலாமா, இல்லை அலை உடையும் இடத்துக்கு வெளியிலேயே ரெஸ்க்யூ டியூபுக்கு (ஆளைச் சுற்றிக் கட்டி இழுத்து வரும் நீண்ட மிதவை) மாற்றணுமா?