முதல் பிரஸ்ஸிங்குக்கு ஒரு மாத வாடகை: வாங்கலாமா, வேண்டாமா?

சுழல்லேபிள்:
பெங்களூர் சிக்பேட்டையில் ஒரு பழைய இசைத்தட்டு வியாபாரியிடம் பிளாக் சபாத் என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவின் முதல் ஆல்பம் இருக்கிறது. 1970 இங்கிலாந்து பிரஸ்ஸிங், அதாவது ஆல்பம் வெளியானபோதே அச்சடித்த தட்டு; வெர்டிகோ கம்பெனியின் லேபிள். அவர் சொல்லும் விலை என் ஒரு மாத வீட்டு வாடகை. வாங்குவதாகத்தான் இருக்கிறேன். புது மறுபதிப்பு மலிவாகக் கிடைக்கும், தெரியும். ஆனால் வரலாறு பிடித்தவனுக்கு மறுபதிப்பு என்பது ஜெராக்ஸ். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம்.

ஆறாவதுகம்பி:
வந்துவிட்டேன் தலைவா. வரலாறு என்கிறீர்கள், பார்ப்பதோ லேபிளை. சபாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் பர்மிங்காம் தகடு ஆலையில், வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில், வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தார். இனி கிட்டார் இல்லை என்று உட்கார்ந்திருந்தவருக்கு ஆலை மேற்பார்வையாளர் ஒரு ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ஒரு ஜாஸ் கிட்டார் கலைஞர், தீ விபத்துக்குப் பிறகு இரண்டே விரலில் சோலோ வாசித்தவர். அதைக் கேட்டபின் அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். 1971-இல் சுருதியையும் இறக்கினார். மெட்டலின் அந்தக் கனத்த சத்தத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. ஜாங்கோ தட்டு எந்த பிரஸ்ஸிங் என்று அவர் திருப்பிப் பார்த்திருப்பாரா?

சுழல்லேபிள்:
நல்ல அடி. ஆனால் அந்தக் கதை உங்களுக்குப் பேட்டிகள் வழியாக வந்தது. தட்டு தானே பேசும். வெர்டிகோ தட்டின் முதல் பக்கத்து லேபிளில், அதாவது நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில், பாட்டுப் பெயரே கிடையாது, முழுக்க கறுப்பு வெள்ளை வட்டச் சுழல்தான். இரண்டு பக்கத்துப் பாட்டுகளையும் மறுபக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். சுற்றவிட்டு மேலிருந்து பாருங்கள், கண் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். 1973 வாக்கில் அதை எடுத்துவிட்டு ஓவியர் ரோஜர் டீன் வரைந்த விண்கல லேபிளைப் போட்டார்கள். ஆக லேபிளைப் பார்த்தே காலம் சொல்லலாம், கல்வெட்டில் எழுத்தின் வடிவத்தை வைத்து நூற்றாண்டு சொல்வது மாதிரி. பாட்டு முடிந்ததும் ஊசி ஓடும் வெற்றிடத்தில் கீறியிருக்கும் எண் இன்னும் நுணுக்கமாகச் சொல்லும். அட்டையை விரித்தால் உள்ளே தலைகீழ்ச் சிலுவை. அது இசைக்குழுவைக் கேட்காமல் கம்பெனி வைத்தது.

ஆறாவதுகம்பி:
சிலுவை என் மறுபதிப்பிலும் இருக்கிறது. வாடகைப் பணம் கேட்கவில்லை.

கோலார்பேரன்:
தம்பிகளா, நடுவில் ஒரு கிழவன் பேசலாமா? முதலில் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மேலே கீறல் இல்லை என்பதால் நல்ல தட்டு ஆகிவிடாது. அந்தக் காலத்து ரேடியோகிராமில் (ரேடியோவும் பிளேயரும் சேர்ந்த பெட்டி) ஊசியைத் தாங்குவது செராமிக் கார்ட்ரிட்ஜ், அதன் பாரம் பள்ளத்தையே தேய்த்துவிடும். கண்ணுக்குப் பளபள, காதுக்கு வறுகடலை. என்னிடம் இங்கேயே ஒரு கடைக்காரர் "மிண்ட்", புத்தம் புதுசு மாதிரி என்று சத்தியம் செய்து ஒன்றைத் தள்ளினார். உள்வட்டப் பாட்டு முழுக்க இரைச்சல்.

இன்னொன்று. இங்கிலாந்து பிரஸ்ஸிங் மட்டும்தான் வரலாறா? கல்கத்தா டம் டம் ஆலையில் எச்.எம்.வி. அச்சடித்த ராக் தட்டுகளை ஏன் யாரும் தேடுவதில்லை? நம் ஊர் வீடுகளுக்கு வந்தது அதுதான். (அதே டம் டம்மில்தான் 1890-களில் உடம்புக்குள் போய் விரியும் தோட்டாவைச் செய்தார்கள். 1899-இல் ஹேக்கில் அதற்குத் தடை போட்டார்கள். மெட்டல் அட்டைக்கு ஏற்ற ஊர்.)

சுழல்லேபிள்:
டம் டம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் அண்ணா. ஆனால் எனக்கு வரலாற்று ஆசையே ஐயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழுவால் வந்தது. 1983-இல் அவர்கள் பாடிய 'தி ட்ரூப்பர்' கேட்டுத்தான் கிரிமியப் போரின் 1854 பாலக்லாவா குதிரைப்படைத் தாக்குதலைப் படித்தேன். 2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அவர்கள் வாசித்தபோது நானும் அங்கே இருந்தேன்.

கோலார்பேரன்:
கிரிமியா வரை போனீர்கள், சந்தோஷம். அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் முகாம் இருக்கிறதே, அங்கே நின்றிருக்கிறீர்களா? 1912-இல் அந்தப் படையின் கேப்டன் மெக்ளின்டாக் முள்வேலியைத் தகர்க்கக் குழாய்க்குள் வெடிமருந்து அடைத்தார். அதற்குப் பெயரே பேங்களூர் டார்பிடோ. 1944-இல் நார்மண்டி கரையில் வேலியை உடைத்தது அந்தக் குழாய்தான். அந்தப் படை ஜவான்களை இன்றும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். மெய்டன் இதைப் பாடவில்லை என்பதால் நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

ஆறாவதுகம்பி:
அண்ணா சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த வாடகைப் பணத்துக்கு இருபது புத்தகம் வரும்.

சுழல்லேபிள்:
புத்தகத்துக்கு மட்டும் முதல் பதிப்பு தேடுவீர்களே, அது என்ன நியாயம்? ஆசிரியர் கையெழுத்திட்ட உங்கள் பிரதியைப் பற்றி இங்கேயே மூன்று பதிவு படித்திருக்கிறேன்.

ஆறாவதுகம்பி:
அது வேறு. சரி, வாங்குங்கள். வாங்கியதும் காக்ஸ்டவுனில் என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். என் மறுபதிப்பையும் உங்களுடையதையும் மாற்றி மாற்றிப் போடுகிறேன், நீங்கள் சுவரைப் பார்த்து உட்காருங்கள். எது 1970 என்று சரியாகச் சொன்னால் பிரியாணி என் செலவு.

சுழல்லேபிள்:
வருகிறேன். உங்கள் பிளேயரில் செராமிக் ஊசி இருந்தால் மட்டும் தட்டு உறையை விட்டு வெளியே வராது.