வேலைக்கு வீடியோ ரெஸ்யூம் அனுப்பியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மன்னார்குடியிலிருந்து

என் தம்பி இந்த வருஷம் மெக்கானிக்கல் டிப்ளமோ முடிக்கிறான். ஓசூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறான். ரெஸ்யூமோடு ஒரு நிமிட வீடியோவும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். "அக்கா, இதுல என்ன பேசுறது?" என்று இரண்டு நாளாக என் பின்னாலேயே சுற்றுகிறான். நானும் இதே இடத்தில் தடுக்கி விழுந்தவள்தான். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள், அவனைப் படிக்கச் சொல்கிறேன்.

2021 மே மாதம், ஊரடங்கு. பி.இ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். சென்னையில் ஒரு கம்பெனி வாடிக்கையாளர் சேவை வேலைக்கு 90 வினாடி வீடியோ கேட்டது. எங்கள் வீட்டு ஹாலில் எந்தப் பக்கம் நின்றாலும் காலண்டரோ துணிக்கொடியோ தெரியும். அம்மா, அப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து இரண்டு ஆணியில் இழுத்துக் கட்டினாள். போனை நிறுத்த ஸ்டாண்டு கிடையாது. அரிசி அளக்கிற படியைக் கவிழ்த்து, அதன் மேல் போனை வைத்து, சாயாமல் இருக்கப் பின்னால் ஒரு செம்பை முட்டுக் கொடுத்தோம். ஃபேன் ஓடினால் சத்தம் பதிவாகிறது என்று அதையும் நிறுத்தியாயிற்று. அக்னி நட்சத்திர வெயில். இருபது தடவைக்கு மேல் எடுத்தேன். நன்றாகப் பேசிய தடவையெல்லாம் குக்கர் விசிலடித்தது, இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஆடு கத்தியது.

பேச வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி, போனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். கடைசியாக எடுத்ததை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: "நீ யாரைப் பார்த்துப் பேசுறே? கண்ணு செவுத்துலேயே ஓடுதே." அது சரிதான் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் திரும்ப எடுக்கத் தெம்பில்லை.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் மோசம். ஃபைல் பெரிது, ஜிமெயிலில் 25 எம்.பி.க்கு மேல் நேராக இணைக்க முடியாது. கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பினேன். லிங்க் வைத்திருப்பவர் யாரும் பார்க்கலாம் என்று மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அனுமதி கேட்டு அவர்கள் தரப்பிலிருந்து வந்த மெயிலை இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். அதற்குள் அந்த இடம் நிரம்பிவிட்டது. அன்றைக்கு அழுத அழுகை இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் வீடியோவை யாருமே பார்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்து வேறொரு கம்பெனியும் வீடியோ கேட்டது. அப்பா மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கல்லூரி விடுமுறையில் கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவது நான்தான். ஒரு பாட்டி ஒரே கிரைண்டரை மூன்றாவது தடவையாகத் தூக்கிக்கொண்டு வந்து கடை வாசலிலேயே சத்தம் போட்டார். அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பழுது எங்கே என்று அவர் கண் முன்னாலேயே பிரித்துக் காட்டினோம். அந்த ஒரு சம்பவத்தை மட்டும் 60 வினாடியில் சொன்னேன். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பாட்டி அப்புறம் கடைக்கு வந்தாங்களா?" வந்தார், பேத்தி கல்யாணப் பத்திரிகையோடு. எனக்கு வேலை கிடைத்தது.

கோவையிலிருந்து

தங்கச்சி, நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவள். பம்ப் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலை பார்க்கிறேன். விற்பனைப் பிரிவுக்கு ஒருமுறை நாங்களும் வீடியோ கேட்டோம். நூற்றுக்கு மேல் வந்தன. ரெஸ்யூம் என்றால் கண்ணை ஓட்டி அரை நிமிடத்தில் புரட்டிவிடலாம். வீடியோவை அப்படி ஓட்ட முடியாது, உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். பத்தில் எட்டு பேர் 'மைசெல்ஃப்' என்று ஆரம்பித்து, பெயர், ஊர், அப்பா தொழில், பொழுதுபோக்கு என்று ஒப்பித்தார்கள். அதெல்லாம் ரெஸ்யூமிலேயே இருக்கிறது. நீ சொன்ன பாட்டி கதை மாதிரி ஒன்று வந்திருந்தால் நானும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஒருநாள் மதியம் மூன்று பேர் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பையனின் வீடியோ வந்தது. ஓட்டு வீட்டுத் திண்ணை, பின்னால் கொடியில் துணி காய்கிறது. "இவன் டீலர் முன்னாடி எப்படி நிப்பான்?" என்றார் பக்கத்தில் இருந்தவர். பையன் இன்னும் வாயையே திறக்கவில்லை. நானும் ஓட்டு வீட்டில் வளர்ந்தவள்தான். எனக்கு மனசு ஆறவில்லை. வீடியோவை நிறுத்திவிட்டு அவன் ரெஸ்யூமைச் சத்தமாகப் படித்தேன். இரண்டு வருஷம் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை, கூடவே மாலைக் கல்லூரியில் பி.காம். எங்கள் தொழிலுக்கு இதைவிட என்ன வேண்டும்? கூப்பிட்டோம், இன்றைக்கு அவன் எங்களோடுதான் இருக்கிறான். ஆனால் ரெஸ்யூம் கையில் இல்லாமல் வீடியோவை மட்டும் பார்த்திருந்தால்?

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி இந்தியத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் நேர்காணல் அழைப்பு குறைவாக வந்தது. காகிதத்தில் இருக்கிற ஒரு பெயரே இவ்வளவு செய்யும் என்றால், முகம், நிறம், பேச்சு வழக்கு, பின்னால் தெரிகிற சுவர் எல்லாம் சேர்ந்து என்ன செய்யும்? அதற்கப்புறம் எங்கள் கம்பெனியில் ரெஸ்யூம் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களிடம் மட்டும்தான் வீடியோ கேட்கிறோம். அதையும் நான் முதல் தடவை போனைக் கவிழ்த்து வைத்துக் காதால்தான் கேட்பேன்.

தம்பியிடம் சொல்: சுவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி ஜன்னலைப் பார்த்து உட்காரட்டும், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டிவிடும். குரல் தெளிவாகக் கேட்க வேண்டும், அதுதான் முக்கியம். வெளிச்சம் சுமாராக இருந்தாலும் போதும், குரல் கேட்காவிட்டால் நாங்கள் வீடியோவை மூடிவிடுவோம்.

பரமக்குடி, இப்போது அபுதாபி

நான் பைப் வெல்டர். எங்கள் தொழிலில் இதற்கு ரெஸ்யூம் என்று பெயரெல்லாம் கிடையாது, "வேலை வீடியோ அனுப்பு" என்று வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். ஏஜெண்டு 6ஜி என்கிற வெல்டிங் டெஸ்ட் வீடியோ கேட்டார். பைப்பை 45 டிகிரி சாய்வில் நிறுத்தி, அதைத் திருப்பாமல் நாமே சுற்றி வந்து வெல்டிங் போட வேண்டும். அடியில் முதலில் போடும் வெல்டு (ரூட்) டிக் முறையில், அதற்கு மேலே போடுவது ஆர்க் முறையில்.

முதல் தடவை கூட இருந்த பையனிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னேன். பார்த்தால் ஒரே வெள்ளை. ஆர்க் வெளிச்சத்தில் கேமராவுக்கு வேறெதுவும் தெரியாது. அப்புறம் ஹெல்மெட்டில் போடுகிற 11-ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி உபரியாக ஒன்று இருந்தது. அதைக் கேமரா முன்னால் பிடிக்கச் சொன்னேன். அவனுக்கும் முகமூடி மாட்டித்தான் நிற்கவைத்தேன். இப்போது உருகிய இரும்பு பச்சை வெளிச்சத்தில் தனியாகத் தெரிந்தது. முன்னால் சாவித் துவாரம் மாதிரி ஓட்டை திறப்பதும், ராடு உள்ளே போய் அதை நிரப்புவதும் அப்படியே பதிவானது. வெல்டிங் தெரிந்தவனுக்கு அந்த ஐந்து வினாடி போதும். முடித்ததும் பிரஷ் போட்டு மேலே கடைசியாகப் போட்ட வெல்டை (கேப்) காட்டி, பைப்புக்குள் டார்ச் அடித்து ரூட் உள்ளே எப்படி இறங்கியிருக்கிறது என்றும் காட்டினேன். நான் பேசியது மொத்தம் இரண்டு வரி.

ஒரு விஷயம் கட்டாயம் செய்யுங்கள். ஆரம்பத்திலேயே முகத்தைக் காட்டி, பெயரும் தேதியும் சொல்லிவிட்டு, கட் பண்ணாமல் அதே ஓட்டத்தில் வேலையைத் தொடங்குங்கள். நான் முதலில் வெறும் கையை மட்டும் எடுத்து அனுப்பிய வீடியோவை வேறு ஒரு ஏஜெண்டு இன்னொருவனுடைய வேலை என்று காட்டியிருக்கிறார். சென்னையில் நேரடி டெஸ்டுக்குப் போனபோதுதான் எனக்கே தெரிந்தது. அந்த இன்னொரு பையனும் பாவம், அவனுக்கும் தெரியாது. டெஸ்டில் அவனுக்கு வெல்டிங் சரியாகப் போட வரவில்லை, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினான்.

வீடியோவை மாற்றிக் காட்டிய அதே ஏஜெண்டுதான் என்னிடம், வீடியோ ஓகே ஆகிவிட்டது, ஒரு லட்சம் கட்டு என்றார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு இந்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இமைகிரேட் (eMigrate) என்ற அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். நான் பார்த்தேன், அந்த ஆள் பெயர் அதில் இல்லை. வீடியோவில் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னாலும் காட்டாதீர்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து

நான் கணக்கு டீச்சர். 2020-இல் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது ஒரு பள்ளி பத்து நிமிடப் பாட வீடியோ கேட்டது. காலி நாற்காலியைப் பார்த்துப் பாடம் நடத்த எனக்கு வாய் வரவில்லை. என் மகளை உட்காரவைத்து தோசையை வெட்டிப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒரு கேள்விக்கு ரொம்ப நேரம் யோசித்தாள். அந்த இடத்தை வெட்டிவிடலாமா என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். தலைமையாசிரியை பிறகு சொன்னார்: "நீங்க பதிலை எடுத்துக் கொடுக்காம காத்திருந்தீங்களே, அதுக்காகத்தான் கூப்பிட்டேன்."

சேலத்திலிருந்து

எனக்குத் திக்கும். வீட்டில் பேசும்போது அவ்வளவாக வராது, போன் கேமராவைப் பார்த்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். என் பெயர் 'ப'வில் ஆரம்பிக்கிறது, அதுதான் எனக்கு மிகக் கஷ்டமான எழுத்து. வீடியோ கட்டாயம் என்று போட்டிருந்த விண்ணப்பங்களை இரண்டு வருஷம் மூடிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். எத்தனை என்று எண்ணக்கூட இல்லை.

போன வருஷம் என் நண்பன் சொல்லி ஒரு கம்பெனிக்கு மெயில் எழுதினேன். எனக்குத் திக்குவாய், முகத்துக்குப் பதில் என் வேலையைக் காட்டலாமா என்று நேராகக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது: தாராளமாக. நான் எழுதிய ஒரு சின்ன மென்பொருள், எங்கள் தெரு பால் சொசைட்டிக் கணக்குக்கானது. திரையைப் பதிவு செய்து, அது எப்படி ஓடுகிறது, எங்கே தப்பு வந்தது, எப்படிச் சரிசெய்தேன் என்று கீழே எழுத்திலேயே விளக்கினேன். நேர்காணலில் திக்கினேன். அவர்கள் காத்திருந்தார்கள். இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

கோவை அக்கா, உங்களைப் போன்றவர்கள் அந்தக் 'கட்டாயம்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லி மேலே பேசுங்கள். என்னை மாதிரி எத்தனை பேர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் திரும்பிப் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

நியூ ஜெர்சியிலிருந்து

இங்கே பல கம்பெனிகள் ரெஸ்யூமில் போட்டோ இருந்தாலே தயங்கும். இனம், வயது பார்த்து ஒதுக்கிவிட்டார்கள் என்று வழக்கு வரக்கூடும். அப்படிப்பட்ட ஊரில்தான் 2021 ஜூலையில் டிக்டாக் நிறுவனம் 'டிக்டாக் ரெஸ்யூம்ஸ்' என்று, வீடியோ மூலமே வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒரு மாதச் சோதனை நடத்தியது. டார்கெட், சிபோட்லே, ஷாப்பிஃபை போன்ற பெரிய கம்பெனிகள் அதில் சேர்ந்தன. என் தங்கை மகள் அதைப் பார்த்து ஆசையாக ஒன்று எடுத்தாள், அனுப்பவில்லை. எடுத்த பழக்கம் பிறகு நேர்காணலுக்கு உதவியது என்கிறாள்.

நான் சொல்ல நினைப்பது, அனுப்பிய வீடியோ பிறகு என்ன ஆகிறது என்று கேளுங்கள். நேர்காணல் வீடியோவைச் செயற்கை நுண்ணறிவு வைத்து அலசுகிற கம்பெனிகளுக்கு இல்லினாய் மாநிலத்தில் 2020-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். விண்ணப்பித்தவர் கேட்டால் 30 நாளுக்குள் அழிக்க வேண்டும். இந்தியாவில் 2023-இல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. வேலை கிடைக்காவிட்டால் ஒரு வரி மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். யூடியூபில் ஏற்றினால், லிங்க் இருப்பவர் மட்டும் பார்க்கும்படி 'அன்லிஸ்டட்' என்று வையுங்கள், வேலை முடிந்ததும் நீங்களே நீக்கிவிடலாம்.

மன்னார்குடியிலிருந்து, மறுபடி

எல்லோருக்கும் நன்றி. சேலம் அண்ணா, உங்கள் பதிவைத் தம்பி இரண்டு தடவை படித்தான்.

நேற்று கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் சார் அனுமதி வாங்கி எடுத்தோம். வெல்டர் அண்ணன் சொன்ன மாதிரி முதலில் முகம், பெயர், தேதி. அப்படியே கேமரா அவன் கைக்கு இறங்கியது. லேத்தில் அவன் கடைந்த ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளக்கிறான். வரைபடத்தில் 25 மில்லிமீட்டர் கேட்டிருக்கிறார்கள், அளவு 25.04 காட்டுகிறது, 0.04 அதிகம். அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு பாயிண்டு எடுக்கணும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டான். ஆங்கிலத்தில் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லி, கீழே ஆங்கிலத்தில் எழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

லிங்க் அனுப்புவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா போனில் திறந்து பார்த்தேன். திறந்தது.