சப்ஜா விதையின் வழவழப்பு எங்கிருந்து வருகிறது? வெந்தயமும் அதே கதையா?

கேள்வி (சர்பத்_பிரியன்): நேற்று ராத்திரி நன்னாரி சர்பத் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவாமல் வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் அடியில் கிடந்த சப்ஜா எல்லாம் காய்ந்து எவர்சில்வரோடு ஒட்டிப்போய், நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் உப்பிக்கொண்டது! விதைக்கு எதற்கு இந்தக் கோந்து? வெந்தயம் வழவழவென்று ஆவதும் இதேதானா?

மாடித்தோட்டம்: உங்கள் டம்ளரில் நடந்ததுதான் மண்ணிலும் நடக்கிறது. சப்ஜா என்பது திருநீற்றுப்பச்சிலை விதை. அதன் மேல்தோல் செல்களுக்குள் சர்க்கரைச் சங்கிலிகளாலான பசை உலர்ந்து அடைந்து கிடக்கும், ஈரம் பட்டதும் ஊதிப்போய் செல்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். முதல் மழையில் உப்பி, வெயிலில் காய்ந்து தரையோடு ஒட்டிக்கொண்டால் அடுத்த மழை அடித்துப்போகாது, எறும்பும் லேசில் இழுத்துப்போக முடியாது. முளைக்கிற நேரத்தில் கொஞ்சம் ஈரத்தையும் பிடித்து வைக்கும். ஒன்று சொல்கிறேன், விதைக்கிறதாக இருந்தால் ஊறவைக்காதீர்கள். நான் ஒருமுறை ஊறவைத்துவிட்டு, தொட்டியில் விழுந்ததைவிட விரலில் ஒட்டியதுதான் அதிகம். காய்ந்த விதையை அப்படியே தூவி, மேலே மண் போட்டும் போடாமலும் தண்ணீர் தெளித்தால் போதும்.

இட்லிமாவு: வெந்தயம் வேறு கதை. அதன் பசை தோலில் இல்லை, உள்ளே தோலுக்கும் பருப்புக்கும் நடுவில் இருக்கிற சேமிப்புத் திசுவில் இருக்கிறது. அதனால்தான் சப்ஜா பத்து நிமிஷத்தில் தயார், வெந்தயத்தை மணிக்கணக்கில் ஊறப்போட்டு ஆட்டினால்தான் மாவில் அந்த வழவழப்பு இறங்கும். சியா விதை சப்ஜா மாதிரிதான், அதுவும் துளசிக் குடும்பம், சொந்த ஊர் மெக்சிகோ பக்கம்.

வயிறு_சரியில்லை: இசப்கோலை விட்டுவிட்டீர்களே. குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளைகிறது, மலச்சிக்கலுக்குக் கலக்கிக் குடிக்கிற அந்த உமியே பசைத்தோல்தான். குடலில் பெரும்பகுதி செரிக்காமல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே போவதால் வேலை சுலபம். ஆனால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட வேண்டும், வைத்தால் களியாகிவிடும். சப்ஜாவையோ சியாவையோ காய்ந்தபடி வாயில் போட்டு விழுங்கவே கூடாது, தொண்டையில் உப்பினால் ஆபத்து.

சர்பத்_பிரியன்: அப்போ நான் பண்ணின தப்பு சுரண்டினதுதான். ஊறவிட்டுத் துடைத்தேன், அலுங்காமல் வந்துவிட்டது. மிச்ச பாக்கெட்டை இன்று தொட்டியில் தூவப் போகிறேன், கடையில் வாங்கினது முளைக்குமா பார்ப்போம்.