கஞ்சிக்கோட்டில் பைப் கேஸ் பில் ஏறுகிறது, மறுபடி எல்பிஜிக்குப் போகலாமா?

வாளையாறு_காஸ்டிங்:
பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் சின்ன அலுமினிய டை காஸ்டிங் (உருக்கி அச்சில் வார்க்கும்) யூனிட் வைத்திருக்கிறேன். சிலிண்டரை விட்டுவிட்டு பைப் கேஸ் போட்டோம், லாரி வரவில்லை, சிலிண்டர் மாற்றணும் என்ற தொல்லையெல்லாம் போனது, அதுவரைக்கும் சந்தோஷம்தான். இப்போது பில்லுக்கு பில் ரேட் மாறுகிறது. போதாததற்கு, ஒப்பந்த அளவில் 80 சதவீதத்துக்கு மேல் எடுத்தால் ஸ்பாட் விலை, அதாவது அன்றைய சந்தை விலை என்று சப்ளை செய்கிறவர்கள் மெயில் போட்டிருக்கிறார்கள். காஸ்டிங் வாங்கும் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியோ வருஷ ரேட்டைத் தொடவே விடமாட்டேன் என்கிறது. திரும்ப எல்பிஜியா, இல்லை கரண்டா? கொச்சியில் கேஸ் இறக்கும் டெர்மினல் இருந்தும் நமக்கு ஏன் இந்த விலை?

பர்ச்சேஸ்_மணி:
டெர்மினல் பக்கத்தில் இருப்பதால் விலை குறையாது சார், அங்கே வருவது கப்பல் சரக்கு. கொச்சி புதுவைப்பு டெர்மினல் 2013-லேயே வந்துவிட்டது, குழாய் இல்லாமல் பல வருஷம் பெரும்பகுதி சும்மா கிடந்தது, கொச்சி–மங்களூர் லைனையே 2021 ஜனவரியில்தான் திறந்தார்கள். உள்நாட்டு மலிவு கேஸ் முதலில் வீட்டு அடுப்புக்கும் சிஎன்ஜி வண்டிக்கும் போகும், 2023 ஏப்ரலில் ஒரு எம்எம்பிடியூவுக்கு (கேஸ் விலை சொல்லும் வெப்ப அளவு) 6.5 டாலர் உச்சவரம்பு வைத்தது அந்த கேஸுக்கு. ஃபாக்டரிக்கு வருவது பெரும்பாலும் இறக்குமதி, கச்சா எண்ணெய் ஏறினாலும் டாலர் ஏறினாலும் நம் தலையில்தான். ஸ்பாட் இன்னும் மோசம், 2020-ல் 2 டாலர் அளவுக்கு இறங்கியது 2022-ல் 50-ஐத் தாண்டியது.

கணக்குப் போடும்போது இன்னொன்று. இயற்கை எரிவாயு ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, நீங்கள் கட்டும் வாட் வரிக்கு இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்வது) கிடையாது. தொழிற்சாலை எல்பிஜிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆனால் அது கிரெடிட்டில் திரும்பிவிடும். அதைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். ஒரு கிலோ எல்பிஜி கிட்டத்தட்ட 1.3 கனமீட்டர் கேஸுக்குச் சமம்.

ஃபர்னஸ்_அண்ணாச்சி:
தம்பி, மாறுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தில் 'டேக் ஆர் பே' பக்கத்தை எடுத்துப் படி. எடுக்காத கேஸுக்கும் காசு கட்டணும் என்று இருந்தால் எல்பிஜி எவ்வளவு மலிவாக இருந்தாலும் நஷ்டம்தான். 2022-ல் குஜராத் மோர்பி டைல்ஸ்காரர்கள் நிறையப் பேர் எல்பிஜி மாதிரியான புரோபேனுக்குத் தாவினார்கள், அந்த அளவில் டேங்க் போட வசதி இருப்பவர்களுக்கு அது சரி.

அப்புறம் ஃபர்னஸைப் பார். ஒரு கிலோ அலுமினியத்தை உருக்க ஏட்டுக் கணக்கில் 0.3 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பம் போதும், குரூசிபிளில் (உருக்கும் பானை) அதைப்போலப் பல மடங்கு எரிகிறது. மூடி திறந்தே கிடக்கும், பிளோயர் காற்றை ஒருவரும் தொடுவதில்லை, புகை செங்கல் சிவக்கிற சூட்டில் வெளியே போகிறது. ரெக்குப்பரேட்டர் வைத்து அந்தப் புகைச் சூட்டிலேயே எரிகாற்றைச் சூடாக்கினால் ஏறும் ஒவ்வொரு 20, 22 டிகிரிக்கும் ஒரு சதவீதம் மிச்சம். ரேட்டைப் பற்றிப் பேசுகிற பாதி ஆட்கள் இதைப் பார்ப்பதே கிடையாது.

வாளையாறு_காஸ்டிங்:
பார்த்துவிட்டேன் அண்ணாச்சி, டேக் ஆர் பே இருக்கிறது, மாதாந்திரக் கணக்கு. எல்பிஜிக்கு மாறினால் நஷ்டம், அப்படியென்றால் 80 சதவீதத்துக்குள் நிற்பதுதான் வழி போல. மூடி விஷயம் உண்மை, ஆட்கள் இன்காட் (அலுமினியக் கட்டி) போட்டுப் போட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

பாலக்காடு_எலக்ட்ரிகல்:
முழுசாகக் கரண்டுக்குப் போகாதீர்கள். உருக்குவது கேஸில் இருக்கட்டும், உருக்கியதைச் சூடு ஆறாமல் வைத்திருக்கும் ஹோல்டிங்கை மட்டும் கரண்டுக்கு மாற்றுங்கள். நேரத்துக்கு நேரம் கரண்ட் ரேட் மாறும், சாயங்காலம் 6 முதல் 10 வரை பீக், ரேட் அதிகம், அந்த நேரத்தில் லோடு ஏறாமல் ஷிஃப்டை அமைக்கணும், அது உங்கள் சூப்பர்வைசர் மனசு வைத்தால்தான் நடக்கும்.

ஃபர்னஸ்_அண்ணாச்சி:
இவர் சொல்வது சரி. சப்ளை குறைத்தால் சமாளிக்க நாலைந்து சிலிண்டரும் ஒரு எல்பிஜி–காற்று மிக்ஸரும் வைத்துக்கொள், கலவையைச் சரியாக வைத்தால் அதே பர்னரில் எரியும். 100 கிலோவுக்கு மேல் சிலிண்டர் வைக்க பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) லைசென்ஸ் வேண்டும். பழைய லைசென்ஸை சரண்டர் பண்ணிவிட்டாயா?

வாளையாறு_காஸ்டிங்:
இல்லை அண்ணாச்சி, கையில்தான் இருக்கிறது. இந்த வாரமே ரினியூவலுக்குக் கொடுத்துவிடுகிறேன்.